பள்ளி நேரமும் மகளின் தூக்கமும்: வழி சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 14 வயது. பள்ளி காலை 7.30 மணிக்கே தொடங்கிவிடுவதால் 5.30க்கு எழுப்புகிறேன். இன்று ஒரு காலில் காலுறையை மாட்டியவள், மற்றொன்றைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டாள். மனம் பொறுக்கவில்லை.

இரவு 9.30க்கே விளக்கை அணைத்துவிடுகிறோம். கைப்பேசி எங்கள் அறையில்தான் இருக்கும். ஆனாலும் 11 மணி வரை புரண்டுகொண்டே கிடக்கிறாள். பிடிவாதம் என்று திட்டியிருக்கிறேன், என் தவறுதான். பருவ வயதில், தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் சுரப்பதே தாமதமாகிறது, உடலின் கடிகாரமே பின்னுக்குப் போய்விடுகிறது. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இவளுக்குக் கிடைப்பது ஆறரை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு 2014இலேயே, வளரிளம் பருவத்தினருக்குப் பள்ளி 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

உங்களில் யாராவது நிர்வாகத்திடம் பேசிப் பள்ளி நேரத்தை மாற்ற வைத்திருக்கிறீர்களா? மனுவில் எதை முதலில் வைத்தீர்கள்? பஸ் நேரத்தைக் காரணம் காட்டி மறுத்தால் என்ன சொல்வது? வரும் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை அவளை 11 மணி வரை தூங்க விடலாமா, அது திங்கள் காலையை இன்னும் கடினமாக்குமா? அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.