தில்லியிலிருந்து கும்பகோணம்: அம்மாவுக்கு எந்த வழி நல்லது?

மயூர் விகாரிலிருந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு முன் அம்மாவைத் தனியே கும்பகோணத்துக்கு அனுப்ப வேண்டும். முழங்கால் வலி இருப்பதால், சென்னைக்கே ஒரு நாளுக்கு மேலாகும் ரயில் அவருக்கு ஆகாது.

வான்வழியில் சென்னை சுமார் 1,760 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். அதன் பிறகுதான் கவலை: காரில் இன்னும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். திருச்சியில் இறங்கினால் கார்ப் பயணம் 100 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் நடுவில் விமானம் மாற நேர்ந்தால், அங்கேயும் சக்கர நாற்காலியுடன் உதவியாளர் வருவாரா?

ஜனவரி மூடுபனியில் அதிகாலை விமானங்களை நம்ப முடியாது. பிற்பகலில் கிளம்பினாலோ, சென்னையிலிருந்து இரவுப் பயணம். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. வயதான பெற்றோரை இப்படி அனுப்பியவர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்த வாரமே டிக்கெட் எடுக்க வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள்.