சந்தேகம்: குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா வேடத்துக்கு வீட்டில் முறுக்கிய கம்பி நூல், சிவப்பு எரிகிறது, வெள்ளை மங்குகிறது

பாளைக்காரன்:
அக்கா மகன் இந்தத் தசராவுக்குக் காளி வேடம் போடுகிறான். நெற்றிப் பட்டியிலும் மார்புத் துணியிலும் எல்.இ.டி. வைத்துத் தர வேண்டும். கரண்ட் கடத்தும் ஸ்டீல் நூல் விலை கட்டுப்படியாகவில்லை. அதனால் மோட்டார் காயில் கட்டும் கடையில் 0.1 மி.மீ. செம்புக் கம்பி வாங்கி, பருத்தி நூலோடு கை டிரில்லில் மாட்டி முறுக்கினேன். 3 வோல்ட் காசு பேட்டரியில் சிவப்பும் வெள்ளையும் பக்கம் பக்கமாக (பேரலலாக) இணைத்தேன். சிவப்பு பளிச்சென்று எரிகிறது, வெள்ளை மினுங்குவதோடு சரி. துணியை மடக்கினால் எல்லாமே விட்டு விட்டு எரிகிறது. இன்னும் இரண்டு கம்பி சேர்த்து முறுக்கட்டுமா?

காயில்காரர்:
தம்பி, நூல் மேல் பழி போடாதீங்க. அந்தக் கம்பி ஒரு மீட்டருக்கு 2.2 ஓம்தான் வரும். 10 மில்லி ஆம்பியர் ஓடினால் அதில் விழுவது 0.02 வோல்ட். சிவப்புக்கு 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வேண்டும். ஒரே பேட்டரியில் சேர்த்தால் சிவப்பே கரண்டை இழுத்துக்கொண்டு வோல்ட்டைக் கீழே இறக்கிவிடும். 1.5 வோல்ட் பென்சில் செல் மூன்று போட்டு, ஒவ்வொரு சிவப்புக்கும் 220 ஓம், ஒவ்வொரு வெள்ளைக்கும் 150 ஓம் ரெசிஸ்டர் வையுங்க.

விட்டு விட்டு எரிவது வேறு கதை. கம்பி மேல் வார்னிஷ் இருக்கு. சில கம்பியில் சால்டரிங் சூட்டிலேயே அது கருகிப் போகும், சிலவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத்தான் வேணும். இரண்டு கம்பி குறுக்கே போனாலும் ஷார்ட் ஆகாமல் காப்பது அந்த வார்னிஷ்தான், அதனால் முனையை மட்டும் தேயுங்க. மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் சத்தம் தரும் நிலையில் வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்க.

பாளைக்காரன்:
சரி அண்ணாச்சி, ஒரு இணைப்பில் பீப் வரவே இல்லை. தேய்த்ததும் மினுக்கல் நின்றது. ஆனால் தையல் மிஷின் ஊசியில் கோத்தால் நூல் அறுந்து அறுந்து போகிறது. அதற்குப் பதில் ஆச்சியின் பட்டுச்சேலைச் சரிகையை எடுக்கலாமா?

ஆரி அக்கா:
ஏ தம்பி, ஆச்சி சேலையில் கை வைக்காதீங்க! இப்போது மலிவாக வரும் சரிகை பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைதான், மீட்டரில் பீப் வராது. கம்பி நூலை ஊசியில் கோக்கவே வேண்டாம். ஆரி வேலையில் தடித்த சரிகையைப் பிடிக்கிற மாதிரி, துணி மேல் படுக்க வைத்து சாதா நூலால் மேலே பிடித்துத் தையுங்க. மடிப்பு விழும் இடத்தில் கொஞ்சம் தளர விடுங்க. இல்லையென்றால் ஆடும்போது கம்பி அங்கேதான் முறியும்.

வியர்வையும் கடற்கரை உப்புக் காற்றும் பட்டால் தேய்த்த செம்பு பச்சை பிடிக்கும். சால்டர் செய்த இடங்களில் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு கொடுத்து, உள்ளே ஒரு லைனிங் துணி வைத்துவிடுங்க.

பாளைக்காரன்:
பேட்டரிப் பெட்டி நெற்றிப் பட்டியிலேயே இருக்கலாமா?

காயில்காரர்:
கனம் தாங்காது. இடுப்பில் ஒரு பை தைத்து சுவிட்சோடு வைத்து, முதுகு வழியாக இரண்டு வயரை மேலே ஏற்றுங்க. சூரசம்ஹாரம் ராத்திரிதானே, பகலில் அணைத்து வைக்கச் சொல்லுங்க.