வேலை கேட்டுப் போன இடத்தில் உங்களிடம் என்ன கேட்டார்கள்? (வன்னி உறவுகளின் அனுபவங்கள்)

தருமபுரத்திலிருந்து:

கிளிநொச்சியில ஒரு நிதி நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போனன். உயர்தரப் பெறுபேறு, கணினி டிப்ளோமா எல்லாம் கையில. முகாமையாளர் பைலைத் திறக்க முதலே, "தருமபுரமோ? பூர்வீகம் எங்க?" எண்டார். அம்மா இங்கதான் பிறந்தவ எண்டன். "அதுக்கு முதல்?" 1977 கலவரத்தோட அம்மம்மா குடும்பம் மலையகத்திலயிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறினது எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் வரேல்ல.

உறவினர் அல்லாத ரெண்டு பேரின்ர நற்சான்று வேணுமாம். விதானையாரிட்ட ஒண்டு வாங்கியிருந்தன். மற்றது எங்கட பள்ளிக்கூடக் காவலாளி தந்தது. எங்கட ஒழுங்கையில அரச சம்பளம் எடுக்கிறது அவர் ஒராள்தான். "அதிபர், டொக்டர் மாதிரி ஆரும் இல்லையோ?" எண்டு திருப்பித் தந்தார். பக்கத்தில இருந்த பிள்ளைக்கு வைத்தியர் ஒருவரே எழுதிக் குடுத்திருந்தார். அவ கெட்டிக்காரிதான், அதில குறை சொல்ல மாட்டன். ஆனா அந்த வெற்றிடம் பேப்பரில வந்ததே இல்லை. அவவுக்கு மாமா சொல்லித் தெரியும். எனக்கு அங்க தேத்தண்ணி குடுக்கிற அக்கா சொல்லித் தெரியும்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

தம்பி, என்னட்டப் பூர்வீகம் கேக்கேல்ல. 2009க்கு முன்னும் பின்னும் என்ன செய்தனீங்கள் எண்டுதான் கேட்டவை. போர் முடிஞ்ச பிறகு முன்னாள் போராளிகளுக்குக் குடுத்த புனர்வாழ்வுச் சான்றிதழைக் காட்டினா முகம் மாறுது. காட்டாட்டி, சிவியில அந்த வருசங்கள் வெறுமையாக் கிடக்குது. இப்ப மேசன் வேலை. கல் அடுக்கத் தெரியுமோ எண்டு மட்டும்தான் கேப்பினம்.

வவுனியாவிலிருந்து:

நான் ஒரு தொழிற்சாலையின் ஆளணிப் பிரிவில் இருந்தவள். விண்ணப்பப் படிவத்தில் தகப்பனின் பிறந்த ஊருக்கு ஒரு நிரல் இருந்தது. தையல் மெசினுக்கு அது என்னத்துக்கு என்று கேட்டேன். "எப்பவும் இருக்கிற படிவம்தானே" என்றார்கள். யாரையும் ஒதுக்கச் சொல்லி எவரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் தெரிந்த ஊர்க்காரரின் படிவம் மேலே வரும், மற்றது அடியில் கிடக்கும். மேற்பார்வையாளர் பதவிக்குச் சிங்களம் தெரிய வேண்டும் என்ற வரியிலும் கன பேர் நின்றுவிடுவார்கள். நாள் முழுக்கத் தமிழில் வேலை வாங்கும் பதவி அது!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1978 அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றைக் காட்டிப் பாரபட்சம் செய்யக்கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு 126 ஆம் உறுப்புரையின்படி அரச நிர்வாகத்தின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். தருமபுரத்துத் தம்பிக்கு நடந்தது தனியார் நிறுவனத்தில் என்பதால் அந்த வழி இல்லை. அரச நியமனத்தில் இப்படி நடந்தால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். கொழும்புக்கு உடனே போக வசதியில்லாவிட்டால், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. வவுனியாவிலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது.