எக்ஸ்பெக்டன்ட் மேனேஜ்மென்ட்: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

பெங்களூரில் நடக்கவிருக்கும் ஒரு மருத்துவ ஆய்வின் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் மூன்று மாதத்துக்குள் கரு கலைந்துவிட்ட பெண்களுக்கு மூன்று வழி: தானாக வெளியேறும்வரை பார்ப்பது, மாத்திரை, உறிஞ்சி எடுப்பது. முதல் வழிக்குத்தான், ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெக்டன்ட் மேனேஜ்மென்ட்' என்பதற்குத்தான், தமிழில் சொல் இல்லை. கணினியைக் கேட்டால் 'எதிர்பார்ப்பு மேலாண்மை' என்கிறது. ஏதோ மேனேஜர்களுக்கு நடத்தும் வகுப்பு மாதிரி! அட்டவணையில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம். படிக்கப்போவது மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பெண்கள். 'மிஸ்டு அபார்ஷன்' (துடிப்பு நின்றும் கரு உள்ளேயே இருப்பது) என்பதற்கும் ஒன்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.
– அல்சூர்க்காரி

அம்மா,
சொல் நம்மிடமே இருக்கிறது: 'பொறுத்திருப்பு'. பொறு என்ற வேரிலிருந்து பொறை. பொறை என்றால் சுமை, பொறுமை இரண்டும். மகப்பேற்றைப் 'பொறையுயிர்த்தல்' என்றே சொல்லியிருக்கிறார்கள். சுமப்பதும் காத்திருப்பதும் ஒரே வேரில்! வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே வைத்தார். 'மேலாண்மை' வேண்டவே வேண்டாம். 'பேணல்' போதும். பொறைப்பேணல் என்றால் இன்னும் சுருக்கம்.
– தில்லித் தமிழாசிரியர்

ஐயா, வேர் அழகுதான். ஆனால் கரு கலைந்த பெண்ணிடம் 'பொறுத்துக்கோ' என்று மாமியாரும் பக்கத்து வீடும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. படிவமும் அதையே சொன்னால் அது அறிவுரை, சிகிச்சை இல்லை. இந்த வழியில் எட்டு வாரம் வரை பார்த்தால் நூற்றுக்கு 80 பேருக்குத் தானாகவே முடிந்துவிடும். வேண்டாமென்றால் நடுவில் மாத்திரைக்கோ உறிஞ்சலுக்கோ மாறலாம். பொறுமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்று. படிவத்தில் எங்கும் 'கருக்கலைப்பு' வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கலைதல் தன்வினை, கலைத்தல் பிறவினை. ஒரு 'ப்பு' கூடினால் அவள் செய்த காரியமாகிவிடும். ஆரம்பத்தில் கலைவதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால். மாடிப்படி ஏறியதால் இல்லை, பப்பாளியால் இல்லை.
– மும்பை நர்ஸ்

அப்படியானால் 'சிதைவு'கூடக் கொடூரம்தானே? 'கருக்கலைவு' என்றே போடலாம். கன்னடத்தில் தானாகக் கலைந்தாலும் கலைத்தாலும் 'கர்ப்பபாத' என்கிறார்கள், நாம் பிரிக்கிறோமே என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.
– சிவாஜிநகர்

'மிஸ்டு' பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. இணையத்தில் 'தவறிய கருச்சிதைவு' என்று பார்த்தேன். படித்தவள் என்ன நினைப்பாள்? சிதைவு தவறிவிட்டது, அப்போ குழந்தை நல்லா இருக்கு என்றுதானே! துடிப்பு நின்றும் ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல் உள்ளேயே இருப்பதை இப்படியா சொல்வது? 'தங்கிய கருச்சிதைவு'ம் சரிப்படாது. பேச்சில் 'கரு தங்கலை' என்றால் கலைந்தது என்று பொருள். தங்கியது என்றால் பிழைத்தது.
– அல்சூர்க்காரி

'உட்கலைவு'?
– தில்லித் தமிழாசிரியர்

ஐயா, உள்ளே கலையாமல் வெளியிலா கலையும்?
– சிவாஜிநகர்

சிரித்துவிட்டேன். சரி, மாத்திரைப் பத்தியையும் ஒரு பார்வை பாருங்கள். 2018இல் அமெரிக்காவில் 300 பெண்களை வைத்து நடந்த ஆய்வு: மிசோப்ரோஸ்டால் மட்டும் வைத்தவர்களில் 67 சதவீதத்தினருக்கு முதல் பரிசோதனைக்குள் வெளியேறியது, முன்னதாக மிஃபெப்ரிஸ்டோனும் கொடுத்தபோது 84. மருந்துப் பெயர்களை அப்படியே விட்டேன். யாரும் அவற்றுக்கு வேர் தேட வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். உறிஞ்சலை வார்டில் 'கிளீன் பண்றது' என்கிறார்கள். ஏதோ அழுக்கு இருந்த மாதிரி. எழுதவில்லை.
– அல்சூர்க்காரி

'காத்திருப்பு முறை' என்று போட்டு அனுப்புங்கள். ரயில் டிக்கெட் வாசனை அடிக்கிறது, ஆனாலும் புரியும்.
– மும்பை நர்ஸ்

நானும் அதற்கே.
– சிவாஜிநகர்

அனுப்பிவிட்டேன்: 'காத்திருப்பு முறை', 'கருக்கலைவு'. மிஸ்டுக்குச் சொல்லே வைக்கவில்லை. 'கருவின் துடிப்பு நின்றுவிட்டது, ஆனால் இன்னும் வெளியேறவில்லை' என்று முழு வாக்கியமாக எழுதி, கட்டத்தை அகலமாக்கச் சொல்லிவிட்டேன். மாதிரிக்குப் படித்த ஓர் அக்கா முதல் வரியிலேயே, "ஓ, வெயிட் பண்றதா?" என்றார்.
– அல்சூர்க்காரி

வாக்கியம் கலைச்சொல் ஆகாது அம்மா. பொறைப்பேணலை நான் கைவிடவில்லை.
– தில்லித் தமிழாசிரியர்