ஸ்லைடிங் கதவா, கீல் கதவா? அம்மா மழையில் நின்றது மறக்கவில்லை

மூலைவீடு, செராஸ்:
புது வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. ஹாலுக்கும் பக்கவாட்டு நிலத்துக்கும் நடுவே ஆறடிக் கண்ணாடிக் கதவு போட வேண்டும். மனைவிக்கு ஸ்லைடிங்தான் வேண்டுமாம். எனக்கோ பழைய செத்தாப்பாக் வாடகை வீடுதான் நினைவுக்கு வருகிறது. சாயங்கால மழை. அம்மா துணி எடுக்க வெளியே போனார், கொசு வருமென்று கதவையும் சாத்திக்கொண்டு. திரும்பி வந்தால் கதவு நகரவில்லை. ரோலர் தேய்ந்துபோய், தண்டவாளம் முழுக்க மண்ணும் நாய் முடியும். நான் உள்ளிருந்து இழுக்க, அவர் வெளியிலிருந்து இழுக்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் மட்டும் அசைந்தது. மழையில் ஒன்றும் கேட்கவில்லை. முன்வாசல் வழியாகச் சுற்றி வரச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடலோரம், பினாங்கு:
ஸ்லைடிங்கே போடுங்கள். தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் எங்களுடையது இரட்டைக் கீல் கதவு, வெளிப்பக்கம் திறப்பது. ஒருநாள் விடியற்காலை, சுமத்ரா பக்கமிருந்து வருமே, அந்தக் காற்று. திறந்திருந்த கதவைப் பிடித்துச் சுவரில் அறைந்தது. டெம்பர்ட் கண்ணாடி என்பதால் கூராக உடையவில்லை, கல்கண்டைக் கொட்டியது மாதிரி தரையெங்கும். பாதி போட்ட கோலத்தின் மேல் அத்தனையும். மகள் அதைப் பார்த்து "அழகா இருக்கும்மா" என்றாள். எனக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

பழைய கான்ட்ராக்டர், கிள்ளான்:
கடலோரம் அம்மா, காற்றைக் குறை சொல்லாதீர்கள். கொக்கி போடாமல் விட்டது உங்கள் தப்பு. செராஸ் தம்பிக்குச் சொல்கிறேன். முதலில் கிரில் எங்கே வரப்போகிறது? நம் ஊரில் கிரில் இல்லாமல் தூங்குவது யார்? அது வெளியே வந்தால் கீல் கதவு உள்பக்கம்தான் திறக்க வேண்டும். அப்போது மூன்றடிக்கு சோபா வைக்க முடியாது. உள்பக்கம் திறக்கும் கதவை மழைக் காற்று தள்ளும்போது இடுக்கு விடும், தண்ணீர் ஹாலுக்குள் வரும். ஸ்லைடிங் என்றால் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கிறதா பாருங்கள். சிமெண்டு பூசும் ஆள் அதை அடைத்துவிட்டுப் போவான், நானே எத்தனை வீட்டில் குத்தி எடுத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும். ரோலர் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடல் பக்கம் 304 ரக எஃகு போதாது, உப்புக்காற்றைத் தாங்கும் 316 ரகம் கேளுங்கள். கதவை மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல் சட்டத்தில் தடுப்புக் கட்டை கட்டாயம். என் வீட்டில் திருடன் அப்படித்தான் வந்தான். கதவைக் கழற்றிச் சுவரில் பத்திரமாகச் சாய்த்துவைத்திருந்தான், ஒரு கீறல் இல்லை.

செந்தூல் அக்கா:
திருடன் கதை சரி. என் கதை வேறு. அப்பா இறந்தபோது பெட்டியை வெளியே எடுக்க வேண்டும். எங்கள் முன்வாசல் இரண்டு பேனல் ஸ்லைடிங். ஆறடிக் கதவு என்றுதான் பெயர், திறந்தால் மூன்றடிகூட இல்லை. இரண்டு பக்கமும் ஆள் பிடித்து நுழைய முடியவில்லை. சித்தப்பா ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து கதவைக் கழற்றினார். தேவாரம் பாடியவர் நிறுத்தவில்லை. அவர் குரலுக்கு நடுவே அந்த ஸ்குரூ கிரீச் கிரீச் என்று. இன்று யாராவது ஸ்குரூ முடுக்கினாலும் எனக்கு அந்தப் பதிகம்தான் கேட்கிறது. தம்பி, இடம் இருந்தால் நாலு பேனல் போடுங்கள். நடுவில் இரண்டும் ஒதுங்கிப் பாதி வாசல் கிடைக்கும். தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைத்துத் திறந்த இல்ல உபசரிப்பு வைத்தாலும் உதவும்.

மூலைவீடு, செராஸ்:
அக்கா, ஆறடியில் நாலு பேனல் போட்டாலும் அதே மூன்றடிதானே? சுவரை இடிக்க வேண்டும் போல. கிரில்காரர் சனிக்கிழமை அளவெடுக்க வருகிறார். அம்மாவிடம் கேட்டேன். "எதையாவது போடு, சாவி மட்டும் என்கிட்ட ஒண்ணு குடு" என்கிறார்.

கடலோரம், பினாங்கு:
கான்ட்ராக்டர் ஐயாவுக்கு: கொக்கி போட்டுத்தான் இருந்தது. காற்று அதைச் சுவரோடு பிடுங்கியது. ஓட்டையை இன்னும் பூசவில்லை, வந்து பாருங்கள்.