பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லோ ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) கெப்பாசிட்டர் எந்தக் கடையில் கிடைக்கும்?

பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். என் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய ஜி31 மதர்போர்டு, டிடிஆர்2 ராம். பட்டனை அமுக்கினால் ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிடுகிறது, பீப் சத்தமும் இல்லை. ராமை ரப்பரால் துடைத்தாயிற்று, சிமாஸ் பேட்டரியும் புதுசு. எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை பெட்டி) தனியாக ஓடவைக்கப் பச்சை வயரைக் கறுப்போடு இணைத்து, ஹார்டு டிஸ்க்கை லோடாக மாட்டி அளந்தால் 12, 5, 3.3 வோல்ட் சரியாகவே வருகிறது. ஆனால் ப்ராசசருக்குப் போகும் 4 பின் பிளக்கை உருவினால் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது! ஆகவே கோளாறு ப்ராசசருக்கு மின்சாரம் தரும் பகுதியில்தான். அங்கே 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மூன்றின் தலை உப்பியிருக்கிறது. ஒன்றின் அடியில் பழுப்புக் கசிவு. அங்குள்ள மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகவில்லை.

105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர், 8 மி.மீ. விட்டம் வேண்டும். சாதாரண ரகம் போட்டால் சூடேறி மறுபடி உப்பிவிடும். சில்லறையாக, ஒரிஜினல் எங்கே தருவார்கள்? பழைய கெப்பாசிட்டரின் கிரவுண்டு கால் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு இளகவில்லை; 60 வாட் போதுமா?