‘உள்ளச்சு’ வேண்டாம், ‘உட்கல்’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

செத்த உயிரின் ஓட்டுக்குள் சேறு நிரம்பி இறுகிக் கல்லான கட்டியை ஆங்கிலத்தில் ‘internal mould’ என்பார்கள். தொல்லுயிர்ச் (புதைபடிவச்) சொற்களில் அதற்கு ‘உள்ளச்சு’ என்பதை ஏற்கலாம் என்று போன மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கல்லை வைத்தே காரணம் சொல்கிறேன்.

பாம்பன் தீவின் வடகரையில் கடலுக்கு மேலே எழுந்து நிற்கும் பழைய பவளப் பாறை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதனடியில் கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றில் மட்டி வடிவத்தில் ஒரு புடைப்பு. மேலே வரியே இல்லாததால் வழவழப்பான ஏதோ மட்டி என்று நினைத்தேன். கூட வந்த மீனவ அண்ணன் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஓடு இல்ல, ஓட்டுக்குள்ள அடைஞ்ச மண்ணு" என்றார். அவர் சொன்னதுதான் சரி. மட்டி செத்தபின் உள்ளே சேறு நிரம்பி இறுகிவிட்டது. பிறகு மழைநீர் ஓட்டைக் கரைத்துவிட்டது. மட்டி ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்புத் தாது, எளிதில் கரையும். அதே கல்லில் ஒட்டியிருந்த பாறைச் சிப்பியின் ஓடு கால்சைட் என்ற இன்னொரு சுண்ணாம்புத் தாது, அது அப்படியே இருந்தது.

ஆக, கையில் இருப்பது ஓட்டின் உட்புற வடிவம். ஓட்டின் வெளிப்புற முதுகு வரியைத் தேடிப் பயனில்லை, இரண்டு ஓடுகளும் இணையும் கீல் பக்கம்தான் பார்க்க வேண்டும். என் கல்லில் கீல் நேர்கோடு, அதில் சீப்புப் பல் போல நெருக்கமான தடங்கள், விளிம்பில் ரம்ப வெட்டு. தசை ஒட்டியிருந்த இரண்டு இடங்களும் சற்றே மேடிட்டிருந்தன. வெட்டினால் சிவப்பாக ரத்தம் கசியுமே, அந்த மட்டிக் குடும்பம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். கொழுக்கட்டை அச்சு, செங்கல் அச்சு இரண்டிலும் அச்சு என்பது குழிதான், உள்ளிருந்து வருவது அச்சு இல்லை. ஓட்டின் வெளிப்புறம் பாறையில் பதிந்த குழியை ‘அச்சு’ என்போம். ஓடு கரைந்த வெற்றிடத்தில் பின்னால் வேறு தாது நிரம்பினால் ‘வார்ப்பு’. உள்ளே இறுகிய கட்டி இரண்டுமே இல்லை, சிரட்டையை உடைத்தெடுத்த கொப்பரை மாதிரி. ஜெர்மன் மொழியில் ‘ஷ்டைன்கெர்ன்’, அதாவது கற்பருப்பு. தமிழில் ‘பருப்பு’ என்றால் மனம் நேரே சமையலறைக்குப் போய்விடும். திருவக்கரையில் கல்லாய் மாறிய மரத்தைக் ‘கல்மரம்’ என்கிறோமே, எவ்வளவு நேரான சொல்! அந்த வழியில் ‘உட்கல்’ என்பேன். மட்டி உட்கல், சங்கு உட்கல், அரியலூர்ப் பாறையில் அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்) உட்கல். உயிரியலின் ‘உட்கரு’வோடு குழம்புமோ என்று யோசித்தேன், ‘கல்’ என்று முடிவதால் குழம்பாது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சங்கு உட்கல் திருகாணி போல வரும், நடுத்தண்டு கரைந்த இடம் துளையாக நிற்கும். அந்தத் துளைக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘தண்டுத்துளை’ போதுமா?